ஒன்பது பேர் போகிற வண்டி

தன் ஹையேஸ் வேனில் ஏறியவர்களை எண்ணிப் பார்க்காமல் பழனியப்பன் ஒரு நாளும் சாவியைத் திருகியதில்லை. இருபத்தேழு வருஷமாக ரங்கூனிலிருந்து யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்குகிறவர். பெகு, சைத்தியோ மலை, கியாக்தானில் ஆற்று நடுவே நிற்கிற பகோடா என்று எங்கே போனாலும் புறப்படும்போது தன்னையும் சேர்த்துத் தலைகளை எண்ணுவார். எட்டு என்றால் சரி, பத்து என்றால் சரி. ஒன்பது என்றால் இறங்கிப் போய் ரோட்டோரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி வந்து பின் சீட்டில் வைத்து, "வாங்கய்யா, நீங்களும் வந்து உக்காருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஒன்பது பேர் கூடிப் பயணம் போகக் கூடாது, போனால் கல்லைப் பத்தாவது ஆளாகக் கூட்டிப் போக வேண்டும் என்பது பர்மாவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஒரு முறை இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு சாமியார் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள் சாமி, எட்டாகிவிடும், கல் வேண்டாம் என்றார் பழனியப்பன். சாமியார் அதற்குப் பிறகு பெகு வரைக்கும் வாயே திறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்தவள் கமலாட்சி. தாகேதா மார்க்கெட்டை ஒட்டி பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தாள். சயாமா, சயாமா என்று பர்மியர்கள் டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி அவளைக் கூப்பிடுவார்கள். அந்தப் பேட்டையிலிருந்து பாங்காக், மலேசியா, ஜப்பான் என்று கிளம்பிப் போன பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, காது தெரிய முடியை ஒதுக்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனவர்கள்தான். இப்போதெல்லாம் கரண்ட் எப்போது வரும் என்று அட்டவணை பார்த்துத்தான் கடை திறக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வாசலில் கூட்டம் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஊருக்கு வடக்கே ஏரியும் காடுமாக இருக்கிற லோகா பூங்காவுக்கு பஸ் ஏறிப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பாள். ஆறு நாள் மனுஷ முகம், ஏழாம் நாள் குருவி முகம் என்று பழனியப்பன் கிண்டல் செய்வார். என்ன குருவி, எப்படிப் பிடித்தாய் என்றெல்லாம் கேட்டதில்லை. சோறு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுகிறாளா, அது போதும் அவருக்கு.

இவர்களுக்கு ஒரே மகள். சாந்தி சிங்கப்பூரில் நர்ஸாக இருந்தாள். அம்மா எடுத்த படங்களை யார் யாருக்கோ அனுப்பிக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒரு நாள் வைபரில் கூப்பிட்டு, அம்மாவின் அறுபதாவது பிறந்த நாளுக்கு ஓர் இடம் பிடித்திருக்கிறேன் என்றாள். இடம் என்றால் கல்யாண மண்டபமா என்று கேட்டார் பழனியப்பன். இல்லை, ஆப்பிரிக்காவில், சாம்பியா தேசத்தில், லுவாங்வா என்கிற ஆற்றங்கரைக் காட்டில். படம் எடுக்கிறவர்களுக்கென்றே நடத்துகிற சஃபாரி. ஊர்க் கூட்டமெல்லாம் கிடையாது. ஏழே பேர். அவர்களோடு ஒரு வழிகாட்டியும், தடம் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும். பதினோரு நாள். ஓர் இடம்தான் காலியாக இருந்தது, அதை அம்மாவுக்குப் போட்டுவிட்டேன் என்றாள். அப்பாவுக்கும் வேண்டுமானால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இழுத்தபோது, இருபத்தேழு வருஷம் வண்டி ஓட்டியவன் இன்னொருத்தன் ஓட்டுகிற வண்டியில் பொம்மை மாதிரி உட்கார முடியாது என்று சொல்லிவிட்டார்.

கமலாட்சி அன்றைக்குச் சாப்பிடவே மறந்துவிட்டாள். அந்த ஆற்றின் மண்கரையில் செக்கச்செவேலென்று ஒரு பறவை ஆயிரக்கணக்கில் பொந்து குடைந்து குடியிருக்குமாம். தமிழில் அந்த ஜாதிக்குப் பஞ்சுருட்டான் என்று பேராம், சாந்தி தேடிப் பார்த்துச் சொன்னாள். சிங்கம் புலி என்று வீட்டுக்கு வந்தவர்கள் பேச, இவள் பஞ்சுருட்டான், பஞ்சுருட்டான் என்று ஜபித்துக்கொண்டிருந்தாள். அங்கே புலி கிடையாது என்பதை மட்டும் நடுவே திருத்துவாள். கடித்தால் வீங்குகிற ஒரு ஈ நீலத்தையும் கறுப்பையும் கண்டால் தேடி வரும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்ததால், பெட்டியிலிருந்து நீலத் துணி எல்லாவற்றையும் ஒதுக்கி மேல் அலமாரியில் போட்டாள். நீள லென்ஸை வண்டி விளிம்பில் ஆடாமல் தாங்குவதற்கு ஒரு பை வேண்டும், வெறும் பையைக் கொண்டு வந்தால் போதும், பயறு அங்கே நிரப்பித் தருவோம் என்றும் எழுதியிருந்தார்கள். காக்கித் துணியில் இரண்டு பை தைத்தாள். ஒன்று போதுமே என்று பழனியப்பன் சொன்னதற்கு, கூட வருகிறவர்களில் யாராவது கொண்டு வராமல் இருந்தால் என்ன செய்வது என்றாள். அதுதான் கமலாட்சி.

பழனியப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் உம்மென்று இருப்பாரே தவிர, வேனில் ஏறுகிற ஒருவர் விடாமல், என் வீட்டுக்காரி ஆப்பிரிக்காவுக்குப் போகிறாள், சிங்கத்தை நேருக்கு நேர் நின்று படம் பிடிக்கப் போகிறாள் என்று அளந்தார். சிரியம் பாலம் தாண்டுவதற்குள் சிங்கம் இரண்டாகிவிடும். திரும்பி வரும்போது அது ஒரு குடும்பமாகவே ஆகிவிடும்.

கம்பெனியிலிருந்து கடைசித் தாள்கள் வந்ததும் பெருமை இறங்கியது. சாந்தி அனுப்பியதைக் கமலாட்சி ஸ்டூடியோவில் அச்செடுத்துக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாள். ஏழு பேரின் பெயரும் ஊரும் வரிசையாக இருந்தன. கீழே வழிகாட்டியின் பெயர், அதற்குக் கீழே தடம் பார்ப்பவரின் பெயர். பழனியப்பன் பழக்க தோஷத்தில் விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஒன்பது.

அவளிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். ஆப்பிரிக்காவில் கல்லுக்கா பஞ்சம், ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால் போகிறது என்றாள். அவர் தாளை அவள் முன்னால் நீட்டி, வண்டியை விட்டு எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது என்று போட்டிருப்பதைக் காட்டினார். சிங்கம் படுத்திருக்கிற காட்டில் இறங்கிக் கல் பொறுக்குவாளா இவள்? அப்படியானால் இங்கேயிருந்தே ஒரு கூழாங்கல்லை எடுத்துப் போகிறேன் என்றாள். அவர் தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கடைசியாக ஏற வேண்டியது சின்ன விமானம், பதினைந்து கிலோவுக்கு மேல் ஒரு சாமானும் ஏற்ற மாட்டார்கள். கேமராவும் லென்ஸுமே பன்னிரண்டு ஆகிவிட்டது. கூழாங்கல் என்ன அரை மணங்கா இருக்கும் என்று கேட்டுவிட்டு அவள் கடைக்குப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை பேச்சு அத்தோடு முடிந்தது.

இவருக்கு முடியவில்லை. மூன்று நாள் தூக்கம் வரவில்லை, மொஹிங்கா நூடுல்ஸ்கூட இறங்கவில்லை. நாலாம் நாள் டீக்கடையில் சகாயராஜைப் பிடித்தார். சகாயராஜ் கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். முனிசிபாலிட்டிக்கு மனு, தூதரகத்துக்கு விண்ணப்பம், பிஷப்புக்குப் புகார் என்று பேட்டையில் எது எழுத வேண்டுமானாலும் அவர்தான். பழனியப்பன் சொன்னது ஒரே ஒரு விஷயம்: குழுவில் ஓர் ஆளைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் குறையுங்கள். சகாயராஜ் அதை ஒன்றரைப் பக்கத்துக்கு இழுத்தார். தாழ்மையுடன் சமர்ப்பித்தார், மிகுந்த பணிவுடன் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்தார். மேற்படி கோரிக்கை நிறைவேறாத பட்சத்தில் என் மனைவியை அனுப்பிவைக்க இயலாதவனாக இருக்கிறேன் என்று. இது எதற்கு என்று பழனியப்பன் கேட்டார். மனு என்றால் முடிவில் ஒரு பிடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கிறவன் படிக்கவே மாட்டான் என்றார் சகாயராஜ். நாற்பது வருஷம் மனு எழுதியவர் சொல்கிறாரே என்று இவரும் கையெழுத்தைப் போட்டார். காதும் காதும் வைத்தாற்போல் கடிதம் சகாயராஜின் போனிலிருந்தே போய்ச் சேர்ந்தது.

பதில் கமலாட்சிக்கு வந்தது. தங்கள் கணவரின் கடிதம் கிடைத்தது, குழுவின் எண்ணிக்கையை மாற்ற முடியாத நிலையில் இருக்கிறோம், தாங்கள் வர இயலாததற்கு வருந்துகிறோம், தங்கள் இடம் காத்திருந்த இன்னொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது, கட்டிய தொகை திருப்பி அனுப்பப்படும். அவ்வளவுதான். பட்டப்பகலில் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், வேன் கழுவிக்கொண்டிருந்த பழனியப்பனிடம் போனைக் கொடுத்தாள். அவர் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரை எதிரே நின்றாள். சத்தம் போடவில்லை. போனைத் திரும்ப வாங்கி முந்தானையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சத்தம் போட்டிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பார்.

அதிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருக்கிற மகளை வைபரில் கூப்பிட்டு, அவர் காதில் விழும்படி, "ஒங்கப்பாகிட்டச் சொல்லு, சோறு மேசைல இருக்கு" என்பாள். பத்தடி தூரத்திலிருக்கிற மனிதருக்கு அந்தச் செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும். அப்பா, சோறு மேசை மேலே இருக்காம் என்று சாந்தி சொல்வாள். சொல்லிவிட்டு, ஏன் இப்படிப் பண்ணினீங்க அப்பா என்று அவளும் ஒரு மூச்சு அழுவாள். ஒன்பது பேர் கணக்கை அவர் மறுபடியும் எடுத்துச் சொல்வார். ஒன்பது பேர் ஆகாது என்பது உண்மைதானே, நான் கெட்டது எதுவும் நினைக்கவில்லையே என்று எல்லோரிடமும் வாதாடினார். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள், ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கமலாட்சி பர்மியப் பெண்களைப் போலப் பூப்போட்ட நீல லுங்கி உடுத்திக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். ஒதுக்கி வைத்திருந்த நீலத் துணிகள் திரும்பவும் இறங்கிவிட்டன. ஆப்பிரிக்காவை அவள் தலைமுழுகிவிட்டாள் என்று பழனியப்பனுக்குப் புரிந்தது. கேட் வரைக்கும் அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. எத்தனையோ பேரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்த்தவன், பெண்டாட்டி ஏறப்போன ஒரே ஒரு வண்டியிலிருந்து அவளை இறக்கிவிட்டேனே என்று நினைத்தார்.

மறுபடியும் சகாயராஜிடம் போக அவருக்குத் துணிவில்லை. அந்த மனிதர் ஏற்கெனவே அடுத்த மனுவை மனதில் எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்தார். மேசையில் கிடந்த தாளில் வழிகாட்டியின் போன் எண் இருந்தது. மோசஸ் பண்டா என்று பேர் போட்டிருந்தது. ஓட்டுகிறவனோடு ஓட்டுகிறவன் பேசிக்கொள்ளலாமே என்று தோன்றியது பழனியப்பனுக்கு. இன்டர்நெட் தடையைத் தாண்டப் போனில் விபிஎன் போட்டுக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டார். அங்கே அப்போது உச்சிப்பொழுது கூட ஆகவில்லை. காலைச் சவாரி முடித்து வந்து ஒரு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மோசஸ் திரையில் தெரிந்தார். இவர் வயதுதான் இருக்கும். வெள்ளைக்காரப் பயணிகளிடம் பழகிப் பிடித்த ரோட்டு இங்கிலீஷில் பழனியப்பன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஓ, கடிதம் எழுதியவர் நீங்கள்தானா, ஆபீஸில் எல்லோரும் அதைப் படித்தார்கள் என்றார் மோசஸ்.

எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள் என்று பழனியப்பன் கேட்டார். இருபத்திரண்டு என்றார் அவர். மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள், சேற்றில் எத்தனை முறை மாட்டியிருக்கிறீர்கள் என்று பேச்சு ஐந்து நிமிஷம் டயரையும் சேற்றையும் சுற்றியது. பிறகு பழனியப்பன் ஒன்பது பேர் விஷயத்தையும் கல்லையும் சொன்னார். மோசஸ் சிரிக்கவில்லை. கல் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்று விசாரித்தார். அதன் பிறகு நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். ஒன்பது பேரும் ஒரே வண்டியில் போவதாக யார் சொன்னது?

படம் எடுக்கிறவர்களை அப்படி அடைக்க முடியுமா என்றார் மோசஸ். இடது பக்கம் யானை, வலது பக்கம் மான் என்று இருந்தால் இரண்டு பக்கமும் திரும்ப வேண்டாமா? நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நான் ஒரு வண்டி ஓட்டுவேன், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தடம் பார்க்கிற என் கூட்டாளி இன்னொரு வண்டி ஓட்டுவான், ஐந்தும் நாலும்தான், எங்கள் காட்டில் ஒன்பது பேர் சேர்ந்து சாப்பிடத்தான் உட்காருவார்கள் என்றார். ஹையேஸ் வேனிலேயே வாழ்நாளைக் கழித்த மனிதர், ஆப்பிரிக்காவுக்கும் ஒரு ஹையேஸ் வேனை மனதிலேயே அனுப்பி, அதற்குள் ஒன்பது பேரையும் தானே ஏற்றி உட்கார வைத்திருக்கிறார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

உங்கள் வண்டியில் என் வீட்டுக்காரிக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். மூன்று பேர் போகிற வண்டியில் இடம் இருக்கிறது, படுக்கத்தான் கூடாரம் இல்லை, ஹாலந்திலிருந்து வருகிற ஒரு டீச்சரம்மா இரண்டு கட்டில் உள்ள கூடாரத்தில் தனியாக இருக்கிறார், அவர் சம்மதித்தால் முடியும், ஆபீஸில் பேசுகிறேன் என்றார் மோசஸ். வைப்பதற்கு முன்னால், அவர் எட்டாவது ஆளாக வந்தால் எங்கள் இருவரோடு சேர்த்து எத்தனை என்று எண்ணிப் பாருங்கள் நண்பரே என்றார். பழனியப்பன் விரல் விட்டு எண்ணினார். பத்து.

அடுத்த நாள் பிற்பகலில் பதில் அவருடைய போனுக்கே வந்தது. டீச்சரம்மாவுக்குச் சம்மதம். துணை கிடைத்ததில் சந்தோஷம்கூட. ஆபீஸுக்கு ஒன்றே ஒன்று வேண்டும்: முதல் கடிதம் எழுதியவரே அதைத் திரும்பப் பெறுவதாகவும், அம்மாள் வருவது உறுதி என்றும் இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் ரங்கூன் நேரப்படி மாலை ஆறு மணி வரை இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். அதற்கு மேல் முடியாது.

இரண்டே வரி. சகாயராஜ் கூட வேண்டாம். பசுண்டவுன் ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வேனை ஓரங்கட்டிவிட்டு எழுத உட்கார்ந்தார். விரலை எழுத்தின் மேல் வைத்தார். வைத்த விரல் அழுத்தவில்லை. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை என்று போனை அணைத்தார். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தார். வீட்டுக்குப் போனதும், சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று நினைத்தார். சோறு மேசையில் இருக்கிற செய்தி சிங்கப்பூர் வழியாக வந்தது. சாப்பிட்டார். எழுதவில்லை. இதைவிட நல்ல சேதி வேறு இல்லை, எதிரே அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவும் அவருக்கு வரவில்லை.

மறுநாள் காலை கியாக்தானுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப் போனார். அவர்கள் படகேறிப் பகோடாவுக்குப் போயிருந்த நேரத்தில் கரையில் வேனுக்குள் தனியாக உட்கார்ந்து யோசித்தார். எண்ணிக்கை சரியாகிவிட்டது. கேட்டபடியே பத்து. ஓட்டுகிறவனும் நல்லவன், நிதானமானவன். இனி எதைக் காட்டித் தடுக்க முடியும்? தடுக்க என்ற வார்த்தை மனதில் வந்ததும் பழனியப்பன் திடுக்கிட்டார். அப்படியானால் நான் இத்தனை நாளும் தடுக்கத்தான் பார்த்தேனா?

வேன் கண்ணாடி வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே, பதினோரு நாளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தார். ராத்திரி சவாரி முடிந்து வீட்டுக்கு வருகிறார். கேட் சாத்தியிருக்கிறது. சாவியைத் தானே தேடி எடுத்துத் திறக்கிறார். சமையலறையில் அடுப்பு சுத்தமாக இருக்கிறது. சாந்தி போன பிறகு ஏற்கெனவே பாதி காலியாகிவிட்ட வீடு. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை ராத்திரியில் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு அவர் திரும்பி வந்ததே இல்லை. அந்தக் காலியான வீட்டை நினைக்கத்தான் அவருக்குப் பயமாக இருந்தது. சிங்கமும் ஒன்பதும் அந்தப் பயத்தில் கால்வாசிகூட இல்லை.

திரும்பும் வழியில் வழக்கத்துக்கு மாறாக வேகமாக ஓட்டினார். பயணிகளை இறக்கிவிட்டு தாகேதா மார்க்கெட்டுக்கு வந்து சேரும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ஸ்டூடியோவில் ஒரு பெண் பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பாங்காக் போகிறவளாம். தாடையைக் கொஞ்சம் இறக்கு, தோளைத் தளர்த்து என்று கமலாட்சி பர்மிய மொழியில் பதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்தாள், பார்க்காதவள் போலப் படத்தை எடுத்தாள், வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தாள். நன்றாய்ப் போய் வா என்று அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு அனுப்பினாள். கடையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

பழனியப்பன் போனை மேசைமேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒரு தரம் முகம் பளிச்சென்று மலர்ந்தது. உடனே மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். ஆறு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"நேத்தே வந்துருக்கு."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

சொல்லியாக வேண்டிய நேரம் அது. பழனியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "எழுதத்தான் ஒக்காந்தேன். கை வரல கமலா. எண்ணியும் பாத்துட்டேன், பத்துதான். ஒம்பது இல்ல. ஒம்பதா இருந்தாலும் ஒரு கல்லப் போட்டுக்கலாம். நீ போய்ட்டா இங்க நான் ஒத்த ஆளு. ஒண்ணுக்கு என்னத்தப் போடுறது?"

கமலாட்சி, எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து போன அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்தாள். கோபம் முகத்தில் இல்லை. அவர் மேல் அவளுக்கு இருந்த பிரியம் இத்தனை நாள் பேசாமல் இருந்ததில் குறைந்துபோய்விடவில்லை, அது அவள் குரலிலேயே தெரிந்தது. ஆனால் சொல்ல வேண்டியதை அவள் விட்டுவிடவும் இல்லை.

"இருவத்தேழு வருஷமா பெகு போனீங்க, சைத்தியோ போனீங்க. ஒரு நாளு, மூணு நாளு, திருவிழான்னா பத்து நாளு. சாந்தி பொறக்கறதுக்கு முந்தியும் போனீங்க, அவ சிங்கப்பூரு போன பொறவும் போனீங்க. வண்டில ஏறுனவங்களயெல்லாம் எண்ணுனீங்களே, வீட்ல எத்தன பேருன்னு ஒரு நாளாச்சும் எண்ணுனீங்களா?"

இத்தனை வருஷத்தில் பழனியப்பன் கேட்டைத் தாண்டிப் போன ஒவ்வொரு காலையும் அவள் வாசலில் நின்றிருந்தது அவருக்கு நினைவிருந்தது. தான் திருப்பத்தில் மறைந்த பிறகு அவள் என்ன செய்தாள் என்பது தெரியாது. அதற்குப் பிறகும் அவளுக்கு ஒரு பொழுது இருந்தது என்பதே இப்போதுதான் தோன்றியது. கண்ணில் நீர் கட்டியது. மறைக்கவில்லை.

"நீ என்ன பண்ணுன அப்பல்லாம்?" என்று கேட்டார்.

"மொதல்ல அழுதேன். பொறவு அழுவறதுக்குச் சலிச்சுப்போச்சு. கடைல இருந்த பழைய கேமராவ எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னேன். மனுஷங்க யாரும் இல்ல. கரண்ட் கம்பில ஒரு குருவி இருந்துச்சு. அதப் புடிச்சேன்." அவள் சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். "அப்புடித்தான் நான் படம் எடுக்கப் பழகுனது. வேற எப்புடின்னு நெனச்சீங்க?"

வேறு எப்படி என்று அவர் நினைத்ததே இல்லை. மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. பழனியப்பன் போனை எடுத்தார். ஒற்றை விரலால், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினார். முதல் கடிதம் என் தப்பு. என் மனைவி வருகிறாள். மூன்றாவதாக இன்னொரு வரியும் சேர்த்தார், நான் வீட்டில் காத்திருப்பேன் என்று. சகாயராஜ் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். கமலாட்சி எட்டிப் பார்த்தாள். எழுத்துப்பிழையைத் திருத்தவில்லை. அவர் அனுப்பினார்.

பிறகு, அந்த முதல் குருவி என்ன நிறம் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவளுடைய படங்களைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. கமலாட்சி ஸ்டூலை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.